கோப்பின் பெயர்

முத்தியால்பேட்டை மணிக்கூண்டுக்கு எதிரில்
மாடிப்படிக்குக் கீழே எங்கள் கலர் லேப்.
முகம் ஒன்றுக்கு இரண்டு சொடுக்கு வெளுப்பு,
கல்யாணத்துக்கு என்றால் நான்கு.
யாரும் கேட்பதில்லை. கேட்காமலே கொடுப்பது
எங்கள் கடையின் மரியாதை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு அவர் வந்தார்.
இஸ்திரி மடிப்பு கலையாத முழுக்கைச் சட்டை,
அதன் மேல் பல்கலைக்கழக அட்டை,
முகம் வெளியே தெரியும்படி.
விடுமுறை நாளில் அட்டை எதற்கு?
நினைத்தேன், கேட்கவில்லை.
நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள்
வணக்கம் சொல்லிவிட்டார்.

முதலாளி ஜெயசீலன் கெட்டவர் இல்லை.
டீ வரவழைத்தார். பிறகு
ஃபுட்பாலா என்றார். இல்லை.
அப்போ பாஸ்கெட்பால். இல்லை.
டான்ஸ் நல்லா வருமே உங்க ஆளுங்களுக்கு.
புள்ளியியல், என்றார் அவர். எம்.எஸ்சி., இரண்டாம் ஆண்டு.
முதலாளி தலையாட்டினார்,
மீதிச் சில்லறை குறைந்தவர் மாதிரி.

விளக்கைத் திருப்பினேன். கேமரா திணறியது.
சுவரைப் பிடித்தது, சட்டையைப் பிடித்தது,
முகத்தை இருட்டு என்று முடிவு செய்தது.
கை பழக்கத்தில் வெளுப்புக்குப் போனது.
வேண்டாம், என்றார்.
விசா அலுவலகத்தில் என்னைத்தான் தேடுவார்கள்.

சிரித்தேன். நெருக்கம் காட்டுவதாக நினைத்து,
நானும் கறுப்புதான், வீட்டில் என் பேரே கறுப்பி,
வரன் தாளில் மாநிறம் என்று நானே அடித்தேன் என்றேன்.
டீ கிளாஸை மெதுவாகச் சுற்றினார்.
பாதி தமிழ், பாதி ஆங்கிலம்:
உங்கள் கறுப்புக்குக் கடையில் க்ரீம் இருக்கிறது, சகோதரி.
என் கறுப்புக்கு
வீட்டுக்காரர் சமையலறையை மோந்து பார்க்கிறார்,
கடற்கரையில் போலீஸ்காரர் பையைத் திறக்கச் சொல்கிறார்,
என்ன விற்கிறாய் என்கிறார்.
குரலில் கோபம் இல்லை.
அதையும் இஸ்திரி போட்டு
மடித்து வைத்திருந்தார்.

பத்து நாள் கழித்து மறுபடி வந்தார். இன்னும் எட்டுப் படம்.
பெயர்?
தாவோங்கா கோண்ட்வே.
தேடினேன். இல்லை.
எழுத்தை மாற்றித் தேடினேன். இல்லை.
கம்ப்யூட்டர் மேல் பழியைப் போட்டேன்,
முந்தாநாள் கரண்ட் போனதன் மேல் போட்டேன்.
சுவரில் மாட்டியிருந்த மணப்பெண்களை,
ஒரே மாவில் பிசைந்த அத்தனை முகங்களை
பார்த்துக்கொண்டிருந்தவர்
திரும்பாமல் சொன்னார்:
ஆப்பிரிக்கா என்று போட்டுப் பாருங்கள்.
கிடைக்காவிட்டால் நீக்ரோ.

முதல் வார்த்தைக்கே வந்துவிட்டது.
ஆப்பிரிக்கா பையன் 2.
அடித்தது முதலாளி இல்லை, நான்.
கவர்மேல் பெரிய எழுத்தில் அவர் எழுதித் தந்த பெயரைப்
பக்கத்தில் வைத்துக்கொண்டே அடித்திருக்கிறேன்.
ஒன்றாம் எண் யார் என்று
எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பெயரை மாற்றினேன். பிழை வந்தது.
எழுத்துக்கூட்டினார், ஒவ்வொன்றாக,
மருத்துவமனையில், வங்கியில், எங்கேயோ
நிறையச் சொல்லிப் பழகிய நிதானத்தில்.
அர்த்தம் என்ன என்றேன்.
நன்றி சொன்னோம் என்று அர்த்தம்.
யாருக்கு என்று அவர் சொல்லவில்லை.

காசு வேண்டாம் என்றேன்.
எண்ணி மேஜைமேல் வைத்தார், ரசீது கேட்டார்.
வாசலில் நின்று, திரும்பிக் கிடந்த அட்டையை
முகம் வெளியே தெரியும்படி திருப்பிவிட்டார்.

சிக்னலில் காலாப்பட்டு பஸ்.
முப்பது அடி இருக்கும், படிக்கட்டு காலியாக இருந்தது,
ஓடினால் பிடித்துவிடலாம்,
நானே எத்தனை தரம் பிடித்திருக்கிறேன்.
அவர் ஓடவில்லை.
ரசீதை எல்லோர் கண்ணிலும் படும்படி
கையில் பிடித்துக்கொண்டு
நடந்தார்.